பனியில் ஓர் உப்பு ஒத்தடம்

"...அதனாலதான் கேட்டுட்டே செய்றேன். தொடட்டுமா?" என்றார் அண்ணி.

பனியில் மண்டியிட்டு, என் கால்களுக்குக் குறுக்கே போகும் வாரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு கேட்டார். நான் சறுக்கு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். முதுகில் இந்தியா என்று எழுதிய சட்டை. எனக்கு முன்னால் இருந்த பெண் கோல்களை ஊன்றிப் புறப்பட்டுவிட்டாள். அடுத்தது என் முறை.

அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேலாக அண்ணி என் முழங்காலுக்குக் கீழே கை வைத்ததில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இதை முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்காகவும், அவர்களைத் தூக்கி, கழுவி, துடைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். இரண்டாவது வகை ஆட்களை நினைத்துத்தான் அதிகம் எழுதுகிறேன். நமக்காவது எது போனது என்று டாக்டர் எழுதித் தருகிறார். அவர்களுக்கு எது போனது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கரும்பு வெட்டுக்குப் போகிற குடும்பம். வெட்டு இல்லாத மாதங்களில் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போவோம். அப்படி ஒருநாள் கரியாலூர்ப் பக்கம் வேலையை முடித்துவிட்டு, வண்டியில் ஏற்றிய கிழங்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் மூட்டை சரிந்தது. அதோடு நானும் சரிந்தேன்.

விழுந்தது ஞாபகம் இருக்கிறது. வலித்ததாக ஞாபகம் இல்லை. வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். கால் இரண்டும் மடங்கி முதுகுக்கு அடியில் சிக்கிக்கொண்டது போல இருந்தது.

"அண்ணே, என் கால எடுத்து நேரா வையேன்" என்றேன்.

அண்ணன் என் கால்களைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நேராத்தாம்மா இருக்குது" என்றார்.

அதுதான் முதல் அறிகுறி. அதை அறிகுறி என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. அண்ணனும் இன்னொருவரும் என்னைக் கைக்கும் காலுக்குமாகத் தூக்கி, வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அண்ணன் தன் தோளில் என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வரை வந்தார். வழியெல்லாம் "தூங்கிடாத சுமதி, பேசிகினே வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானா பேச்சை நிறுத்துகிறவள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உக்கார வச்சா கூட்டிட்டு வந்தீங்க?"

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது வேறு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) இடுப்புக்கு மேலே நசுங்கியிருக்கிறது, விழுந்த அடியிலேயே நசுங்கியிருக்கும், தூக்கியதால் வந்ததென்று சொல்ல முடியாது என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். ஆனால் முதல் டாக்டரின் கேள்விதான் அவர் காதில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் எந்த வண்டியிலும் முன்சீட்டில் உட்காருவதில்லை. இடம் இருந்தாலும் பின்னால் போய் நின்றுகொண்டு வருவார்.

அண்ணி அஞ்சலை அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதுப்பெண். தாலியில் மஞ்சள் மங்காத நாளில் நாத்தனாரின் மூத்திரப் பையை மாற்றக் கற்றுக்கொண்டவர். படுக்கைப்புண் (ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்பதால் தோலும் சதையும் செத்து வரும் புண்) வராமலிருக்க என்னை மணிக்கணக்குப் பார்த்துப் புரட்டிப் படுக்க வைப்பார். புரட்டும்போது வாயும் சும்மா இருக்காது.

"இன்னாடி இவ்ளோ கனம்? பேச்ச கம்மி பண்ணா எட கம்மியாவும்."

"நீ மட்டும் இன்னா, மெலிஞ்சா இருக்கிற?"

"நான் ரெண்டு பேருக்கு நடக்கறேன், ரெண்டு பேருக்குத் தின்றேன். நீ எதுக்கடி?"

இப்படிச் சொல்லிச் சொல்லியேதான் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார். நான் உட்கார்ந்த பிறகு யாராலும் என்னை நிறுத்த முடியவில்லை. கள்ளக்குறிச்சி மைதானத்தில் சக்கர நாற்காலி ஓட்டப் போட்டி என்றார்கள், போனேன். அங்கே வந்திருந்த ஒரு பயிற்சியாளர் என் தோளைப் பார்த்துவிட்டு, பனிச்சறுக்குக்கு வருகிறாயா என்று கேட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கு அப்படி ஒரு விளையாட்டு உண்டு, இந்திய அணி ஒன்றும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு சறுக்குப் பலகைகளின் மேல் ஓர் இருக்கை. அதில் இடுப்பையும் காலையும் வாரால் கட்டிக்கொண்டு, இரண்டு கோல்களால் பனியைக் குத்தித் தள்ளிப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் பனி ஏது? பலகைக்குப் பதில் சின்னச் சக்கரம் பொருத்திய வண்டி கொடுத்தார்கள். கோமுகி அணைக்குப் போகிற தார் ரோட்டில் அதை ஓட்டிப் பழகினேன். டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிச் சிரிப்பார்கள். "இம்மாந்தண்ணி கெடக்குது, அத வுட்டுட்டு ரோட்டுல படகு ஓட்டுது பாரு" என்று ஒரு கண்டக்டர் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எனக்குப் பிடித்துப்போனது. கரும்புக் கட்டு தூக்கிப் பழகிய தோள் அது. ரொம்ப நாள் கழித்து அதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

முகாம்கள், தேர்வுகள் எல்லாம் தாண்டி அணியில் சேர்ந்தேன். ஐந்து பேர் கொண்ட அணி. வெளிநாட்டில் போட்டி. என்னைப் போன்றவர்களுக்குத் துணை ஆள் ஒருவரை அழைத்துப் போக அனுமதி இருந்தது. நான் வேறு யாரைச் சொல்வேன்?

விமானத்திலிருந்து இறங்கி அந்த வெள்ளையைப் பார்த்ததும் அண்ணி சொன்ன முதல் வார்த்தை, "மரக்காணத்து உப்பளம் மாதிரி இருக்குதுடி."

அவர் பையிலும் உப்பு இருந்தது. கல்லுப்பு. ஊரிலிருந்து பழைய வேட்டித் துணியோடு எடுத்துவந்திருந்தார். குளிர் ஊருக்குப் போகிறோம், கை கால் பிடித்துக்கொண்டால் ஒத்தடம் கொடுக்க வேண்டாமா?

போய்ச் சேர்ந்த அன்றே அணிக் கூட்டத்தில் எங்களுக்கு எச்சரிக்கை சொன்னார்கள். உணர்ச்சி இல்லாத காலில் சுடுதண்ணீர்ப் பை வைக்கக் கூடாது, ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டக் கூடாது. அணியின் பிசியோதெரபிஸ்ட் (இயன்முறைச் சிகிச்சையாளர்) கேரளத்துக்காரர். எங்களுக்காக அவரே தமிழில் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். ஒத்தடத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் ஒத்தடத்தை யாரும் சூடு என்று நினைப்பதில்லை, அது மருந்து.

போட்டிக்கு முந்தைய நாள் மதியம். பயிற்சி முடிந்து அறைக்கு வந்தோம். காலுறையைக் கழற்றினால் பாதம் இரண்டும் வெளுத்து நீலம் பாய்ந்து கிடந்தன. அண்ணி பதறிப்போனார். என் வண்டியில் ஒட்டியிருந்த பனியை வெளியே நின்று வெறுங்கையால் துடைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். கையுறை நனைந்துவிடுமே என்று கழற்றி வைத்திருந்தாராம். நேராக விடுதிச் சமையலறைக்குப் போய் உப்பை வறுத்து, துணியில் முடிந்து எடுத்துவந்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம்.

"சுடல. வெதுவெதுன்னுதான் இருக்குது" என்று சொல்லி என் இரண்டு புறங்காலிலும் மாற்றி மாற்றி வைத்து அழுத்தினார்.

இரண்டு முறை கால் துள்ளியது. இது எனக்கு அவ்வப்போது வரும் இறுக்கத் துடிப்பு (மூளைக்குச் சேதி போகாமல், தண்டுவடத்திலிருந்தே தசை தானாக இழுத்துக்கொள்வது). "பாரேன், காலுக்கே சொகமா இருக்குது, டான்ஸ் ஆடுது" என்றேன். இருவரும் சிரித்தோம். எழுதும்போது இந்த இடத்தில் கை நிற்கிறது. பேச முடியாத கால் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கத்தியிருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

சாயங்காலம் காலுறை போடப் போனபோது கொப்புளம். இரண்டு பாதத்திலும்.

அந்த ஊர் ஆஸ்பத்திரி வராண்டாவை நான் படுத்திருந்த அறையின் திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். வெள்ளைக்கார டாக்டர், நடுவில் பிசியோ மேடம், எதிரில் அண்ணி. புடவைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, விசாரணைக்கு நிற்கிறவர் போல நின்றார்.

"கையில வச்சுப் பாத்துட்டுதாங்க வச்சேன். எனக்குச் சுடவே இல்லீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

டாக்டர் ஏதோ கேட்டார். மேடம் தமிழில் கேட்டார். "அதுக்கு முன்னாடி கை எங்க இருந்தது?"

"பனியத் தொடச்சிகினு இருந்தேங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். குளிரில் மரத்த கைக்குச் சூடு தெரியாது, அந்தக் கையை நம்பியிருக்கக் கூடாது என்று விளக்கினார். இரண்டாம் நிலைத் தீக்காயம் (தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளடுக்கு வரை வெந்தது). வாரால் கட்டிக் குளிரில் உட்கார முடியாது, போட்டி கிடையாது என்றார்.

மேடம் ஒரு காகிதக் கோப்பையில் டீ வாங்கி அண்ணியின் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அண்ணி கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். டீ அப்படியே இருந்தது.

மறுநாள் அணியில் மற்ற நான்கு பேரும் போட்டியில் இறங்கினார்கள். கால் இரண்டிலும் கட்டோடு ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டினேன். பயிற்சியாளர் வந்து, கூட்டத்தில் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு என்றார். மேடம் வந்து, நான் அறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும், என் தப்பு என்றார். ஊரிலிருந்து அண்ணன் போனில், தான் வந்திருக்க வேண்டும் என்றார். எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அண்ணி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

நடக்காத காலில் ரத்த ஓட்டம் கம்மி. அதனால் புண் ஆற மாதங்கள் ஆயின. கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவோம். ஷேர் ஆட்டோ வரைக்கும் அண்ணிதான் நாற்காலியைத் தள்ளுவார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பார். சமைப்பார், துவைப்பார், தலை வாரிவிடுவார். முழங்காலுக்குக் கீழே மட்டும் தொடமாட்டார். வீட்டில் கட்டுப் பிரிக்கிற வேலையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். அண்ணனோ ஒரு சுற்றுப் பிரித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். கடைசியில் ஒரு கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, அதில் பார்த்துப் பார்த்து நானே செய்யக் கற்றுக்கொண்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்மணி என் காலைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. "நாத்தனாருக்குச் சூடு வச்சிட்டாளாம், பாவி."

அண்ணி நாற்காலியை நிறுத்தவில்லை, தள்ளிக்கொண்டே போனார்.

"நான் அத மறந்துட்டேன் அண்ணி" என்றேன் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது.

"உன்ன யாரு மறக்கச் சொன்னா?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அந்த ஒரு வருடம் என்னைத் தின்ற நினைப்பை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். என் உடம்பில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் ஒருவர் குற்றவாளியாகிவிடுகிறார். மூட்டை சரிந்ததற்கு நான் உட்கார்ந்த இடமும் ஒரு காரணம். அண்ணன் எத்தனை முறை "ஓரத்துல உக்காராத" என்று சொல்லியிருப்பார். ஆனால் முன்சீட்டை விட்டவர் அவர். காத்துக்கொள்ள வேண்டிய பாதம் என்னுடையது, அதைத் தினமும் பார்க்க வேண்டிய கண்ணும் என்னுடையது. ஆனால் ஊர் பாவி என்றது அண்ணியை. வெந்தது என் தோல், வலித்ததெல்லாம் அவர்களுக்கு. இடுப்புக்குக் கீழே என்னிடமிருந்து போன வலி எங்கும் தொலைந்துபோகவில்லை, வீட்டிலிருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றும். அண்ணி என் கால் பக்கம் பார்க்காமல் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போகும்போதெல்லாம், நான் இல்லாமலிருந்தால் இவர் நிமிர்ந்து நடப்பாரே என்று நினைப்பேன்.

புண் ஆறி, பாதத்தில் இரண்டு வெளிர்த் திட்டுகள் மட்டும் மிஞ்சியபோது அணியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அண்ணன் வேறு பெண் யாரையாவது கேட்கலாமா என்றார்.

"அண்ணி வரலன்னா நான் போவல" என்றேன்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "பொட்டி தூக்க நான் வரேன். காலுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

அப்படியே ஒப்பந்தம் ஆனது. இந்த முறை அண்ணியின் பையில் உப்பு இல்லை. கால் வாரைக் கட்டுவதும் பிரித்துப் பார்ப்பதும் பிசியோ மேடத்தின் பொறுப்பு. அண்ணி அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டியில் நான் கடைசி. பதக்கக் கதை படிக்க வந்தவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புறப்படும் இடத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்றோம். சிறிது இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். அவரவர் முறைக்கு மணி அடித்ததும் அவரவர் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். நகராமல் நின்றாலும் நேரம் போய்க்கொண்டுதான் இருக்கும். எங்கள் அணிப் பையன் ஒருவனின் கோல் உடைந்துவிட்டதென்று மேடம் அந்தப் பக்கம் ஓடிவிட்டார். அப்போதுதான் பார்த்தேன், என் கால் வார் தளர்ந்து தொங்கியது. அப்படியே போனால் திருப்பத்தில் கால் நழுவி வெளியே வந்துவிடும், எனக்குத் தெரியவும் தெரியாது. குனிந்து கட்டலாம் என்றால் இடுப்பு வார் விடவில்லை.

பக்கத்தில் அண்ணி மட்டும்தான் இருந்தார். அவரும் வாரைப் பார்த்துவிட்டார். பிறகு பனியில் மண்டியிட்டார்.

"உங்கிட்ட ஒன்னு சொல்லணும்டி" என்று ஆரம்பித்தார். எனக்கு முன்னால் இன்னும் சிலர் இருந்தார்கள். வரிசை நகர நகர அவரும் முழங்காலாலேயே நகர்ந்து வந்து சொன்னார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில மேடம் டீ குடுத்தாங்களே, அத எடுத்துகினு வெளிய போனேன். என் கை எப்படி ஏமாந்துச்சுன்னு பாக்கணும் எனக்கு. கையுறைய கழட்டிட்டு பனிக்குள்ள கைய வுட்டுகினு நின்னேன். நல்லா மரத்துப் போச்சு. அப்புறம் டீயை அந்தக் கையில புடிச்சேன். ஒன்னுமே தெரியல. வேற எவளோட கையோ மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். உன் காலு உனக்கு இப்படித்தான இருக்கும்? இத்தன வருசமா அத குண்டான் கழுவற மாதிரி கழுவிகினு இருந்திருக்கேன். இழுத்தேன், மடக்கினேன், துணி மாதிரி தூக்கிப் போட்டேன். உனக்குத் தெரியலன்னா கேக்காம செய்யலாமா? ஒரு நாளாச்சும் ஒரு வார்த்த கேட்டனா? அதுக்கப்புறம் கேக்காம தொட மனசு வரல. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. வூட்டுல நாலு பேரு இன்னா நெனப்பாங்க. அதனாலதான் கேட்டுட்டே செய்றேன். தொடட்டுமா?"

ஒரு வருடமாக நான் நினைத்து வருந்திய குற்ற உணர்ச்சி அவரிடம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது. ஆனால் அவரை விலக்கி வைத்தது அது இல்லை. என் கால்களை நானே யாருடையதோ போலத்தான் வைத்திருந்தேன். நாற்காலியில் ஏற்றும்போது மூட்டையைப் போல எடுத்து வைப்பேன். அவற்றுக்குச் சொந்தக்காரி ஒருத்தி உண்டு, அவளைக் கேட்க வேண்டும் என்று அன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் கண்ணாடியைச் சாய்த்து முதலில் அவற்றைத்தான் பார்க்கிறேன். பார்த்து முடிக்கும்வரை என் நாள் தொடங்குவதில்லை.

"தொடு அண்ணி" என்றேன்.

எனக்கான மணி ஒலித்தது. கடிகாரம் ஓட ஆரம்பித்தது. புறப்பாட்டுக் கொடியோடு நின்றவர் கையை வீசிப் போ போ என்றார்.

அண்ணி வாரைத் தொடவில்லை. கையுறை இரண்டையும் கழற்றி என் மடியில் போட்டார். குளிர்ச்சட்டையின் முன்பக்கத்தைத் திறந்து, கைகளைக் குறுக்கே மாற்றி உள்ளே நுழைத்து, இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

"அண்ணி, மணி அடிச்சிட்டான்!"

"அடிக்கட்டும். என் கை இன்னும் எனக்கே தெரியல, இரு."

பனியில் மண்டியிட்டபடி அப்படியே இருந்தார். எனக்குப் பின்னால் நின்றவளுக்கும் மணி அடித்தது, அவள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். பிறகு அண்ணி கைகளை வெளியே எடுத்து, விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். வாரை இழுத்துக் கட்டி, காலுக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்து, அது நுழைவது தனக்குத் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். தெரிந்ததும் விரலை எடுத்துவிட்டு, என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.